பேட்டரியைப் பட்டினி போடாதீர்கள்

போன் தானாக அணையும்வரை அப்பா சார்ஜரைத் தொடவே மாட்டார். "சுத்தமா இறங்கட்டும், அப்பத்தான் பேட்டரி நிக்கும்" என்பார். நிக்கல்-காட்மியம் பேட்டரி காலத்துப் பாடம் அது. இன்று நம் போனிலும் லேப்டாப்பிலும் இருப்பது லித்தியம்-அயன், 1991இல் சோனி சந்தைக்குக் கொண்டுவந்த வகை. இதற்குப் பட்டினி ஆகாது. பாதியிலேயே சார்ஜ் போடலாம், பாதியிலேயே எடுக்கலாம்.

அடிக்கடி சார்ஜ் போட்டால் "சைக்கிள்" தீர்ந்துவிடும் என்ற பயமும் வேண்டாம். இன்று 50 சதவீதம், நாளை 50 சதவீதம் செலவழித்தால் இரண்டும் சேர்ந்துதான் ஒரு சைக்கிள். பல போன்களில் சுமார் 500 சைக்கிளுக்குப் பிறகு 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும். புதிய மாடல்கள் சிலவற்றில் 1000 வரைகூடப் போகும்.

உண்மையான எதிரி சூடு. அதோடு முழு சார்ஜும் சேர்ந்தால் இன்னும் மோசம். 40 சதவீத சார்ஜோடு 25 டிகிரியில் ஒரு வருடம் சும்மா கிடக்கும் பேட்டரி ஏறக்குறைய 4 சதவீதம்தான் இழக்கும். முழு சார்ஜோடு 40 டிகிரியில் கிடந்தால் மூன்றில் ஒரு பங்கே போய்விடும். நம் ஊர் மே மாதத்துக்கு 40 டிகிரி பெரிய விஷயமா? வெயிலில் நிற்கும் காருக்குள் அதையும் தாண்டும். ஆகவே டேஷ்போர்டில் போனை விட்டுப் போகாதீர்கள். தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடாதீர்கள். சார்ஜ் ஏறும்போது கேம் விளையாடும் பிள்ளைகளிடமிருந்து, அழுதாலும் பரவாயில்லை, போனை வாங்கி வையுங்கள். கொதிக்கிறதே என்று பிரிட்ஜில் வைப்பதும் தவறு, உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும். உறையைக் கழற்றி நிழலில் வைத்தால் போதும்.

அதிகம் பேர் கவனிக்காத தவறு ஒன்று உண்டு, நானும் செய்தது. பழைய போனைச் சார்ஜ் இறங்கிய நிலையிலேயே பீரோவில் போட்டு மறந்துவிட்டேன். அணைந்த போனிலும் பேட்டரி மெல்ல இறங்கிக்கொண்டுதான் இருக்கும்; அளவுக்கு மீறி இறங்கினால் உள்ளே செம்புத் தகடு கரையத் தொடங்கும். பல மாதம் கழித்து எடுத்தபோது பின்மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. மேசையில் வைத்தால் ஆடியது. பேட்டரி உப்பியிருந்தது. எடுத்து வைப்பதென்றால் பாதி சார்ஜ் ஏற்றி அணைத்து வையுங்கள், சில மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

உப்பிய பேட்டரியை அழுத்தவோ குத்தவோ கூடாது, குப்பையிலும் போடக் கூடாது. நான் ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போனேன்.

"சார்ஜ் போட்டுப் பாத்தீங்களா சார்?"

"இல்லீங்க."

"நல்ல வேளை" என்றவர், அதைப் பதமாகக் கழற்றி மணல் வாளிக்குள் வைத்தார்.