"டெக்ஸ்ட் கம்ப்ளீட்" என்று போட்டிருந்தால் பர்ஸை மூடுங்கள்

அமெரிக்காவின் தொடக்க கால வரலாறு சார்ந்த பழைய புத்தகங்கள், கடிதங்கள், செய்தித்தாள்கள் சேர்க்கிற பித்து நம் ஆட்கள் சிலரையும் பிடித்திருக்கிறது. நியூ ஜெர்சி, பென்சில்வேனியா பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், எங்காவது ஒரு புத்தகச் சந்தையோ பழம்பொருள் ஏலமோ நடந்துகொண்டேதான் இருக்கும். நல்ல விஷயம்தான். ஆனால் புதிதாக வருகிறவர்கள் வாங்கி வந்து காட்டுவதைப் பார்த்தால் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரிவதில்லை, அதில் பாதி நானும் ஒரு காலத்தில் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டவை என்பதால் வாயை மூடிக்கொண்டும் இருக்க முடிவதில்லை.

வெயிலில் வைக்காதீர்கள், எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டாதீர்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது தெரியாதவர் இந்தப் பக்கமே வரமாட்டார்.

பழுப்பாக இருந்தால் பழசு என்று நம்புவது

உண்மை கிட்டத்தட்ட தலைகீழ். 18ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் காகிதம் கந்தல் துணியை ஊறவைத்துக் கூழாக்கிக் கையால் வார்த்தது. ஈரமும் பூச்சியும் படாமல் இருந்தால் இன்றைக்கும் வெளிர் நிறத்தில், மெத்தென்று, மடித்தால் ஒடியாமல் இருக்கும். கொட்டை பாக்கு நிறத்தில் தொட்டால் உதிர்கிறது என்றால் அது பெரும்பாலும் 1880க்குப் பிறகு வந்த மரக்கூழ்க் காகிதம். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள்: 1700களின் தாளில் பொதுவாக விரல் அகலத்துக்கு ஒன்றாக நீளக் கோடுகளும், அவற்றுக்குக் குறுக்கே நெருக்கமாக மெல்லிய கோடுகளும் தெரியும். அச்சுக் கம்பியின் தடம் அது.

மொறமொறவென்று மஞ்சளடித்த "ஆட்டுத்தோல்" மாதிரியான சுதந்திரப் பிரகடனத்தைக் கொண்டுவந்து காட்டாத ஆண்டே கிடையாது. சுற்றுலாக் கடைச் சரக்கு. காகிதத்தைத் தொடாமலே கண்டுபிடிக்கலாம். 1776 ஜூலை 4 இரவு ஃபிலடெல்ஃபியாவில் ஜான் டன்லப் அச்சடித்த முதல் ஒற்றைத் தாளில் 56 பேரின் கையெழுத்து இருக்காது. காங்கிரஸ் தலைவர் ஜான் ஹான்காக், செயலாளர் சார்லஸ் தாம்சன் ஆகியோரின் பெயர்கள் மட்டும் அச்செழுத்தில் இருக்கும். பெரும்பாலானவர்கள் ஆகஸ்ட் 2 அன்றுதான் தோல் பிரதியில் கையெழுத்திட்டார்கள். அந்தக் கையெழுத்துகளோடு இன்று எங்கும் பார்க்கிற உருவம் பெரும்பாலும் 1823இல் வில்லியம் ஸ்டோன் செப்புத் தகட்டில் வெட்டிய நகலிலிருந்து வந்தது. அந்த நகலின் முதல் அச்சே இப்போது பெரும் விலை என்பது வேறு கதை.

உடனே யாராவது ஒருவர் அந்த 4 டாலர் கதையை எடுப்பார். ஆமாம், 1989இல் பென்சில்வேனியாவின் ஆடம்ஸ்டவுனில் பழைய பொருள் சந்தையில் 4 டாலருக்கு வாங்கிய படச் சட்டத்துக்குப் பின்னால் டன்லப் அச்சுப் பிரதி ஒன்று இருந்தது, 1991இல் 24 லட்சம் டாலருக்கு மேல் போனது, 2000இல் 81 லட்சத்தைத் தாண்டியது. சரி. அதற்காக ஊரில் இருக்கிற படச் சட்டத்தையெல்லாம் உடைத்துக்கொண்டு திரிய முடியுமா?

இன்னொரு பெயரை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: அல்ஸ்டர் கவுண்டி கெசட் என்ற நியூயார்க் மாநிலச் செய்தித்தாள், 1800 ஜனவரி 4. வாஷிங்டன் இறந்த செய்தி, கறுப்புக் கரை போட்ட பத்திகள். இதை 19ஆம் நூற்றாண்டு முழுக்கத் திரும்பத் திரும்ப நினைவுப் பிரதியாக அச்சடித்துத் தள்ளினார்கள், அந்த மறுபதிப்புகளுக்கே இப்போது நூறு வயதுக்கு மேல். காங்கிரஸ் நூலகத்துக்கே அசல் 1930 வாக்கில்தான் கிடைத்தது. உங்கள் மாமனாரின் பெட்டியில் இருப்பது எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எண்ணாமல் வாங்குவது

இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன், இன்றைக்கும் எரிச்சல் அடங்காத விஷயம் இது.

எங்கள் வட்டத்தில் ஒரு தம்பி, ஜெடிடையா மோர்ஸ் எழுதிய 'அமெரிக்கன் ஜியாகிரஃபி' நூலின் 1789 முதல் பதிப்பை ஏலத்தில் எடுத்தார். எலிசபெத் டவுனில் ஷெப்பர்ட் காலக் அச்சிட்டது. அமெரிக்கப் பள்ளிகளும் வீடுகளும் தங்கள் நாட்டைத் தெரிந்துகொண்ட புத்தகம் என்று சொல்லலாம். விற்பனைக் குறிப்பில் "அக்காலத் தோல் பைண்டிங், டெக்ஸ்ட் கம்ப்ளீட்" என்று இருந்தது. நல்ல மலிவு. சந்தோஷமாகக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். முதுகில் சிவப்புத் துண்டு, அங்கங்கே பழைய பெயர்க் கையெழுத்து, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. திறந்து பார்த்தால் இரண்டு இடத்தில் தையலை ஒட்டி விரல்நகம் அளவுக்குக் காகித ஓரம் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் லேசான பழுப்பு நிழலாக ஒரு கடற்கரைக் கோடு, தலைகீழ்க் கண்ணாடிப் பிம்பமாக, கூர்ந்து பார்த்தால் எழுத்து மாதிரி ஏதோ. இருநூறு ஆண்டு அமுங்கிக் கிடந்த மடிப்பு வரைபடத்தின் மை எதிர்ப் பக்கத்தில் விட்டுப்போன தடம் அது. வரைபடம் இல்லை. அந்தப் புத்தகத்துக்கு ஏமஸ் டூலிட்டில் செதுக்கிய இரண்டு மடிப்பு வரைபடங்கள் உண்டு, வட மாநிலங்களுக்கு ஒன்று, தென் மாநிலங்களுக்கு ஒன்று, வாங்குகிறவர்கள் காசு கொடுப்பதே முக்கால்வாசி அவற்றுக்காகத்தான்.

திருப்பிக் கொடுக்கப் போனால் ஏலக்காரர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "எழுத்துப் பகுதி முழுமை என்றுதானே போட்டோம், வரைபடம் இருக்கிறது என்று எங்கே போட்டோம்?" பொய் சொல்லவில்லை பாருங்கள், அதுதான் என் வயிற்றெரிச்சல். தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும், "டெக்ஸ்ட் கம்ப்ளீட்" என்றால் படமும் வரைபடமும் போய்விட்டன என்பதைச் சொல்லாமல் சொல்வது. தெரியாதவருக்கு "கம்ப்ளீட்" என்ற ஒரு சொல் மட்டும் கண்ணில் படும். "பார்த்த நிலையில் விற்பனை, திருப்பி எடுக்கப்படாது" என்று பக்கத்திலேயே போட்டிருந்தால் இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

வரைபடங்கள் ஏன் காணாமல் போகின்றன என்றால், பாதி இயல்பான தேய்மானம். விரித்து மடித்து விரித்து மடித்து மடிப்பிலே கிழியும். மீதி, வியாபாரம்: முழுப் புத்தகத்தை விற்பதைவிட வரைபடத்தைக் கழற்றிச் சட்டம் போட்டு விற்றால் காசு அதிகம் என்று கண்டுகொண்டவர்கள் பல தலைமுறையாகப் புத்தகங்களை உரித்துக்கொண்டிருக்கிறார்கள். திருட்டும் உண்டு. 2005இல் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு பிளேடு தரையில் கிடந்ததை ஊழியர் ஒருவர் பார்த்ததால் மாட்டிய வரைபட வியாபாரி ஃபோர்ப்ஸ் ஸ்மைலி, பல நூலகங்களிலிருந்து 97 வரைபடங்கள் எடுத்ததை ஒப்புக்கொண்டார். ஆகவே தனி வரைபடம் வாங்குகிறவர்களும் சும்மா இருக்க வேண்டாம்: ஒரு ஓரம் மட்டும் புதிதாக வெட்டுப்பட்டிருக்கிறதா, மூலையில் முத்திரையைச் சுரண்டிய இடம் சொரசொரப்பாக, மெலிந்து தெரிகிறதா என்று சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள்.

எல்லா "இல்லை"யும் மோசடி என்றும் முடிவுகட்டக் கூடாது. ஜான் ஃபில்சனின் கெண்டக்கி நூல், 1784, வில்மிங்டனில் ஜேம்ஸ் ஆடம்ஸ் அச்சடித்தது. வரைபடம் ஃபிலடெல்ஃபியாவில் தனியாக அச்சாகித் தனியாகவும் விற்றது. அதனால் வரைபடம் இல்லாத பிரதிகள்தான் அதிகம். அமெரிக்காவின் மேற்கே பசிபிக் கடல் வரை போய்வந்த லூயிஸ், கிளார்க் குழுவின் 1814ஆம் ஆண்டுப் பயண நூலில் வேறு சிக்கல்: பெரிய மடிப்பு வரைபடம் போன பிரதிகளில் பிற்கால நகலைச் செருகி வைத்திருப்பார்கள். நேர்மையான வியாபாரி குறிப்பில் சொல்லிவிடுவார், அவரிடமிருந்து இரண்டு கை மாறி வரும்போது அந்தக் குறிப்பு எங்கோ தொலைந்துபோயிருக்கும்.

எப்படி எண்ணுவது? முதலில் அந்தப் புத்தகத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று தெரிய வேண்டும். சார்லஸ் எவன்ஸின் பட்டியல் 1800 வரையிலான அமெரிக்க அச்சுகளுக்கு, ஜோசஃப் சேபினின் பட்டியல் அமெரிக்கா பற்றி எங்கே அச்சானாலும். இவை கையில் இல்லையா, மாசசூசெட்ஸில் வூஸ்டரில் இருக்கிற அமெரிக்கன் ஆன்டிக்வேரியன் சொசைட்டியின் இணையப் பட்டியலைப் பாருங்கள், ஐசாயா தாமஸ் 1812இல் தொடங்கியது, இந்த வேலைக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. எத்தனை பக்கம், எத்தனை வரைபடம், பிழைத்திருத்தத் தாள் உண்டா, கடைசியில் விளம்பரத் தாள் உண்டா எல்லாம் குறித்துக்கொண்டு போங்கள்.

அப்புறம் பக்க எண்ணை மட்டும் நம்பாதீர்கள், அந்தக் காலத்து அச்சகத்தில் 218க்குப் பிறகு 221 வருவது சகஜம். பக்கத்தின் அடியில் வலது ஓரத்தில் ஒற்றைச் சொல் தொங்கிக்கொண்டிருக்கும், அடுத்த பக்கத்தின் முதல் சொல் அதுவாக இருக்க வேண்டும். பொருந்தவில்லை என்றால் நிறுத்திப் பாருங்கள். அடியிலேயே ஏ, பி, சி என்று எழுத்தடையாளமும் இருக்கும், மடித்த தாள் கட்டு ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து, தைக்கிறவருக்காகப் போட்டது. இதில் 23 எழுத்துதான்: ஐ, ஜே இரண்டில் ஒன்று, யு, வி இரண்டில் ஒன்று, டபிள்யூ கிடையவே கிடையாது. "டபிள்யூ கட்டு முழுக்கக் காணோம்" என்று ராத்திரி பதினோரு மணிக்குப் பதறிப்போய் போன் செய்தவர்கள் உண்டு.

வேறொரு பிரதியிலிருந்து தாளை எடுத்துச் செருகியிருக்கிறார்களா என்று பார்க்க எனக்குப் பிடித்த வழி புழு ஓட்டை. புழு ஒரே போக்காகத் துளைத்துக்கொண்டு போகும். 40ஆம் பக்கத்திலிருந்து 60ஆம் பக்கம் வரை வரிசையாக ஓட்டை, நடுவில் 51, 52 மட்டும் சுத்தம் என்றால் அந்தத் தாள் புழுவுக்குப் பிறகு வந்தது. ஈரக் கறையும் அப்படியே.

ஜனாதிபதி கையெழுத்து

ஆண்ட்ரூ ஜாக்சன் கையெழுத்திட்ட நிலப் பட்டா என்று யாராவது நீட்டினால் தேதியைப் பாருங்கள். 1833 மார்ச் மாதச் சட்டத்துக்குப் பிறகு ஜனாதிபதி பெயரை ஒரு செயலாளர் எழுதினாரே தவிர, ஜனாதிபதியின் கை அதில் படவில்லை. கீழே "இன்னார் மூலம்" என்று செயலாளர் பெயர் இருக்கும், படச் சட்டத்தில் மாட்டும்போது அந்த வரி வசதியாக மறைந்துபோகும்.

பழைய காகிதம், பழைய மை என்பது போதாது. 19ஆம் நூற்றாண்டில் ஃபிலடெல்ஃபியாவில் ராபர்ட் ஸ்பிரிங் பழைய புத்தகங்களின் வெற்றுத் தாள்களைக் கிழித்து அதில்தான் வாஷிங்டன் கையெழுத்துப் போட்டு விற்றார். போலி ஆவணக்காரர் மார்க் ஹாஃப்மன் தானே மை காய்ச்சிப் பழசாக்கிய, அமெரிக்கக் காலனிகளின் முதல் அச்சு எனப்படும் "சுதந்திரக் குடிமகன் உறுதிமொழி"த் தாளைக் காங்கிரஸ் நூலகமே 1985இல் வாங்கலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தது. அந்த அக்டோபரில் அவர் சால்ட் லேக் சிட்டியில் வைத்த குண்டுகளுக்கு இரண்டு பேர் பலியான பிறகுதான் கதை வெளியே வந்தது. சான்றிதழ் இருக்கிறதே என்பவர்களுக்கு: சான்றிதழும் காகிதம்தான்.

செல்லோடேப்

கிழிசலை ஒட்டவா? வேண்டாம். "இது ஆவணங்களுக்கான டேப்" என்று விற்கிறார்களே, அதுவும் வேண்டாம்.

வெள்ளைக் கையுறை

தேவையில்லை. கையைக் கழுவி ஈரம் போகத் துடைத்தால் போதும். துணிக் கையுறையோடு புரட்டினால்தான் ஓரம் கிழியும்.

புது பைண்டிங்

1770களின் துண்டுப் பிரசுரம் ஒன்று, நூல் கோத்துத் தைத்தபடி, ஓரம் வெட்டாமல், மேலட்டைக் காகிதம் பாதி கிழிந்து கிடைத்தால் அப்படியே ஒரு பெட்டி செய்து வையுங்கள். நம் ஊர்க் கல்லூரி ஆய்வேடு மாதிரி தங்க எழுத்து போட்டு பைண்டு செய்து, அழகுக்காக மூன்று பக்கமும் வெட்டிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் பேசுவதை நிறுத்திவிட்டேன்.

யாருடைய சொத்து என்று கேட்காமல் இருப்பது

வட கரோலினாவின் உரிமைச் சாசனப் (பில் ஆஃப் ரைட்ஸ்) பிரதி தெரியுமா? மாநிலங்களுக்கு அனுப்பிய பிரதிகளில் ஒன்று. உள்நாட்டுப் போரின் முடிவில், 1865இல் ராலேயில் வடக்குப் படை சிப்பாய் ஒருவர் எடுத்துப் போனது, கை மாறிக் கை மாறி, 2003இல் ஃபிலடெல்ஃபியாவில் எஃப்.பி.ஐ. வாங்குகிறவர்கள் போல உட்கார்ந்து பிடித்தார்கள். நூற்று முப்பத்தெட்டு ஆண்டு கழித்தும் "நான் காசு கொடுத்து வாங்கினேன்" என்பது எடுபடவில்லை. நீதிமன்றம், மாவட்டப் பதிவகம், சட்டமன்றம் இவற்றின் கோப்புக் குறிப்பு பின்புறம் எழுதிய தாள் எது வந்தாலும், இது எப்படி வெளியே வந்தது என்று கேளுங்கள். விற்கிறவர் முகம் மாறினால் கிளம்பிவிடுங்கள்.

முதல் நாளே பெரிய பெயர்

தாமஸ் பெயின், ஜெஃபர்சன், ஃபிராங்க்ளின் என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள், பெயரைக் கேட்டதும் விலையும் போலியும் சேர்ந்தே வருகின்றன. 1790களின் சாதாரண பாஸ்டன், ஃபிலடெல்ஃபியா செய்தித்தாள் ஒன்று இரண்டு பேர் ஹோட்டலில் சாப்பிடுகிற காசுக்குக் கிடைக்கும். கப்பல் வருகை, ஓடிப்போன அடிமைகளைத் தேடும் விளம்பரம், மாவு விலை எல்லாம் அதில் இருக்கும், காகிதம் பார்க்கப் பழகவும் அதைவிட நல்ல பாடம் இல்லை.

நமக்கென்று இன்னொரு வழியும் இருக்கிறது, யாரும் கண்டுகொள்வதில்லை. அமெரிக்கக் கிறிஸ்தவ மிஷன் 1816இல் யாழ்ப்பாணம் வந்தது. தெல்லிப்பழையிலிருந்தும் வட்டுக்கோட்டையிலிருந்தும் அவர்கள் எழுதிய கடிதங்கள் பாஸ்டனில் 'மிஷனரி ஹெரால்ட்' மாத இதழில் அச்சாயின. 1820கள், 30களின் ஆண்டுத் தொகுப்புகள் மதப் புத்தகம் என்று அடுக்கின் அடியில் கிடக்கும். வாங்கும்போது பன்னிரண்டு மாதமும் இருக்கிறதா என்று எண்ணிக்கொள்ளுங்கள், நான் பார்த்த தொகுப்புகளில் பாதியில் ஏதாவது ஒரு மாதம் இருக்காது.