காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் பூட்டிக்கொண்டால்

கிருஷ்ணகிரியில் கணினிப் பழுது பார்க்கும் எனக்கு ஒரு நம்பிக்கை உண்டு. மாங்கூழ் ஆலைகள் இரவு பகல் பாராமல் ஓடும் ஜூன் மாதத்தில்தான் இங்கே கணினிகள் அதிகம் படுக்கின்றன என்பது அது, எண்ணிப் பார்த்ததில்லை. அப்படியொரு நாளில் ஒரு மாங்காய் மண்டியின் கணினிக்கு மதர்போர்டு மாற்றிக் கொடுத்தேன். கணினி ஓடியது, ஆனால் பில் போடும் மென்பொருள் தனது உரிமம் வேறொரு கணினிக்கு உரியது என்று சொல்லித் திறக்க மறுத்துவிட்டது. வாசலில் லாரி காத்து நிற்க, மண்டிக்காரர் என்னைக் கேட்டார்: "பில்லு போட்டுத்தானே வாங்கினேன், அப்புறம் எதுக்குண்ணா என்னையே சந்தேகப்படுது?"

நியாயமான கேள்விதான். திருட்டுப் பிரதியை ஓட்டுபவருக்குப் பூட்டு முன்பே உடைக்கப்பட்டு வந்து சேர்கிறது. பூட்டின் தொல்லை முழுவதும் காசு கொடுத்தவர் தலையிலேயே விடிகிறது. அதைக் குறைத்துக்கொள்ளச் செய்யவேண்டியவற்றுள் பெரும்பாலானவற்றைக் கணினி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்துவிட வேண்டும். படுத்த பிறகு செய்யக்கூடியது கொஞ்சமே.

முதலில், உங்கள் மென்பொருளில் இருப்பது எந்த வகைப் பூட்டு என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள சிஎன்சி பட்டறைகளிலும், ஃபிளெக்ஸ் அச்சிடும் கடைகளிலும், கணினி எம்பிராய்டரி செய்யும் இடங்களிலும் யுஎஸ்பி துளையில் செருகும் டாங்கிள் அதிகம் புழங்குகிறது. பலர் அதை 'லாக்' என்றே சொல்வார்கள். கணக்கு மென்பொருட்களில் பல, மதர்போர்டு, ஹார்ட் டிஸ்க், நெட்வொர்க் கார்டு ஆகியவற்றின் எண்களைக் கலந்து கணினிக்கு ஓர் அடையாளம் உண்டாக்கி, அதனோடு உரிமத்தைக் கட்டிவைக்கின்றன. இன்னும் சில, குறிப்பிட்ட நாட்களுக்கு ஒருமுறை இணையத்தில் தம் நிறுவனத்தின் சர்வரைக் கேட்டு உறுதிசெய்துகொள்கின்றன. இந்த மூன்றாம் வகையா என்று அறிய, வேலை குறைந்த ஒரு நாளில் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு மென்பொருளைத் திறந்து பாருங்கள். அன்றைக்குத் திறந்தாலும், இணையமின்றி எத்தனை நாள் ஓடும் என்பதை விற்றவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்பது. என் அனுபவத்தில் வாடிக்கையாளரை மிகவும் அலையவைப்பது பூட்டின் நுட்பமன்று, இந்தச் சில்லறைச் சங்கதிதான். விற்பனைக்கு வரும் பையன் அவசரத்தில் தன்னுடைய மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் போட்டுப் பதிவுசெய்துவிட்டுப் போய்விடுவான். மூன்று ஆண்டுகள் கழித்து ஓடிபி அந்த எண்ணுக்குப் போகும், ஆனால் அவன் வேலையை விட்டுப் பெங்களூருக்குப் போயிருப்பான். மண்டிக்காரருக்கும் நடந்தது இதுவே. எனவே இன்றே உங்கள் கணக்கினுள் நுழைந்து, பதிவான மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் உரிமையாளருடையவைதாமா என்று பாருங்கள். இல்லையென்றால், டீலர் தொடர்பில் இருக்கும்போதே மாற்றிக்கொள்ளுங்கள். சீரியல் எண், ஜிஎஸ்டி எண்ணுடன் கூடிய பில், மென்பொருளின் விவரம் காட்டும் 'அபௌட்' பக்கத்தின் படம், நிறுவும் கோப்பு ஆகியவற்றை நிலப் பத்திரம் வைப்பதுபோல் ஓரிடத்தில் வையுங்கள், ஆனால் அந்த இடம் அதே கணினியாக இருக்க வேண்டாம்.

கணினியை ஃபார்மேட் செய்வதற்கு முன்பும், மதர்போர்டையோ ஹார்ட் டிஸ்கையோ மாற்றுவதற்கு முன்பும், உரிமத்தை விடுவிக்கும் வசதி உண்டா என்று பாருங்கள். டேலி என்ற கணக்கு மென்பொருளில் இதற்குச் 'சரண்டர்' என்று பெயர்; வேறு பலவற்றில் 'டீஆக்டிவேட்' என்றிருக்கும். இதைச் செய்தால் உரிமம் சர்வருக்குத் திரும்பிச் சென்று, புதிய கணினியில் தொல்லையின்றி ஏறும். செய்யாமல் ஃபார்மேட் போட்டுவிட்டால், பழைய கணினி இன்னும் உயிரோடிருப்பதாகவே சர்வர் நினைத்துக்கொண்டிருக்கும். பழுது பார்ப்பவர் தாமாகக் கேட்பார் என்று இருந்துவிடாதீர்கள். என் தொழிலிலுள்ள பலருக்கு விண்டோஸ் ஏறினால் வேலை முடிந்தது. கணினி செத்தே போனபின் வருபவர்கள், பில்லின் நகலையும் பழுது பார்த்ததற்கான ரசீதையும் இணைத்து நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுத வேண்டும். தொலைபேசியில் பேசினாலும், பேசியதை அன்றே எழுதி அனுப்பிவிடுங்கள்.

டாங்கிள் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சில சொல்ல வேண்டும். அது சிறுவிரல் அளவுதான், ஆனால் சில பட்டறைகளில் அதன் விலை கணினியின் விலையைவிட அதிகம். தொலைந்துபோனால் உரிமமே தொலைந்ததாகக் கருதி முழு விலையையும் மறுபடி கேட்கும் நிறுவனங்கள் பல. உடைந்ததைத் திருப்பிக் கொடுத்தால் சிறு கட்டணத்துக்கு மாற்றித் தருவதும் உண்டு. ஆகவே உடைந்த துண்டைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். டாங்கிள் தெரியவில்லை என்று மென்பொருள் சொன்னால், ஹப்பில் செருகாமல் கணினியின் பின்பக்கத் துளையில் நேராகச் செருகிப் பாருங்கள். ஹாஸ்ப், சென்டினல் வகையானால், அதே கணினியின் உலாவியில் லோக்கல்ஹோஸ்ட் என்று ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளியும் 1947 என்ற எண்ணும் சேர்த்தால், அதன் கட்டுப்பாட்டுப் பக்கம் திறக்கும். அங்கே டாங்கிள் பட்டியலில் இருந்தால் கோளாறு மென்பொருளில். இல்லையென்றால் டிரைவரிலோ (டாங்கிளைக் கணினிக்கு அடையாளம் காட்டும் சிறு மென்பொருள் அது) டாங்கிளிலோ. பக்கமே திறக்காவிட்டால் டிரைவர் நிறுவப்படவில்லை, அல்லது நின்றுபோயிருக்கிறது.

பழைய டாங்கிள்களுக்கு இப்போது ஒரு புதிய சிக்கல் வந்திருக்கிறது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு முடிந்ததால் பலர் விண்டோஸ் 11க்கு மாறுகிறார்கள். அது 64-பிட் வடிவில் மட்டுமே வருவதால், 32-பிட் காலத்து டிரைவர் அதில் ஏறாது. 64-பிட் டிரைவரேயானாலும், பழையதாக இருந்தால் 'மெமரி இன்டெக்ரிட்டி' என்ற பாதுகாப்பு அதைத் தடுக்கலாம். பாதுகாப்பை அணைத்துவிடுவதற்கு முன், டாங்கிள் தயாரித்த நிறுவனத்தின் புதிய டிரைவரைத் தேடுங்கள். அது கிடைக்காவிட்டால், இணையத்தோடு இணைக்காத பழைய கணினியொன்றை அந்த ஒரு வேலைக்கென்றே ஒதுக்கிவிடுவது மேல். இப்படி நடப்பது முதல்முறையன்று: 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது, சேஃப்டிஸ்க் என்ற பூட்டின் டிரைவரை அது ஏற்காததால், காசு கொடுத்து வாங்கிய விளையாட்டுக் குறுவட்டுகள் பல ஓடாமல் போயின.

கோளாறுகளுள் மலிவானது பேட்டரி. மதர்போர்டில் எட்டணாக் காசுபோல் ஒட்டியிருக்கும் சி.ஆர்.2032 பேட்டரி தீர்ந்திருந்தால், மின்சாரம் போய்வரும்போது கணினியின் தேதி பல ஆண்டுகள் பின்னே போய்விடும். தவணைக்கால உரிமமுள்ள மென்பொருள் இதைப் பார்த்து, காலாவதியை ஏமாற்றுவதற்காக நீங்கள்தாம் கடிகாரத்தைத் திருப்பினீர்கள் என்று முடிவுகட்டிப் பூட்டிக்கொள்ளும். ஆகவே உரிமப் பிழை எதுவானாலும் முதலில் திரையின் மூலையிலுள்ள தேதியைப் பாருங்கள். தவறாக இருந்தால் பேட்டரியை மாற்றி, தேதியைச் சரிசெய்து, பிறகு மென்பொருளைத் திறங்கள். தவறான தேதியிலேயே திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பது சில பூட்டுகளை இன்னும் இறுக்கிவிடும். ஆண்டிவைரஸ் உரிமக் கோப்பைச் சிறைப்பிடித்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

இவ்வளவுக்கும் திறக்காதபோது, 'கிராக் போட்டுத் தருகிறேன், ஐந்நூறு ரூபாய்' என்று சொல்ல ஆள் வருவான். கிராக் என்பது பூட்டை உடைக்கும் கோப்பு. உரிமம் வாங்கியவருக்கும் கிராக் கிராக்தான்: ஆண்டிவைரஸை அணைத்துவிட்டு ஓட்டச் சொல்லும் கோப்பில் வேறென்ன இருக்கிறது என்பது கொடுப்பவனுக்கே தெரியாது, நிறுவனத்திடம் நியாயம் கேட்கும் வாயும் அதோடு அடைபட்டுப்போகும். சட்டத்தில் உங்களுக்கு இடமில்லாமல் இல்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவில், முறையாக வாங்கியவர் இழப்புக்குப் பாதுகாப்பாக மென்பொருளின் காப்புப் பிரதி எடுத்துக்கொள்வதை அனுமதிக்கிறது. 2012இல் சேர்ந்த 65ஏ பிரிவு, பூட்டை உடைப்பதற்கு இரண்டு ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும் விதித்தாலும், உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைப்பதையே குற்றமாக்குகிறது. ஆனாலும் நோக்கத்தை மெய்ப்பிக்க நீதிமன்றம் ஏறி இறங்குவதைவிட, நிறுவனத்தைத் திறக்கவைப்பதே எளிது.

அதற்குரிய வழி, தேதியிட்டு எழுதுவது. பில் எண், சீரியல் எண், பிழைச் செய்தியின் படம், நீங்கள் செய்து பார்த்தவை, எத்தனை நாளில் பதில் வேண்டும் என்பது ஆகியவற்றை ஒரே மின்னஞ்சலில் எழுதுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணாகிய 1915க்கு அழைக்கலாம். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே புகார்க் கட்டணம் கிடையாது, சிக்கல் எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். வணிகத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று எதிர்த்தரப்பு வாதிடும். தானே உழைத்து நடத்தும் சுயதொழிலின் பிழைப்புக்காக வாங்கியவருக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்கு அளிக்கிறது, ஆகவே ஒற்றை ஆள் நடத்தும் ஸ்டூடியோக்காரரும் பட்டறைக்காரரும் அதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

மண்டியின் உரிமம் திறக்க மறுநாள் நண்பகல் ஆயிற்று. அதுவரை லாரிகளை நகர்த்தியது, அவருடைய அப்பா காலத்தில் அச்சடித்து அலமாரியில் கிடந்த பில் புத்தகம். ஜிஎஸ்டி விதிகளின்படி தொடர் எண்கள் ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகளில் இருக்கலாம். மின்விலைப்பட்டியல் (இ-இன்வாய்ஸ்) கட்டாயமில்லாத அளவில் வணிகம் செய்பவர்கள், தனி எழுத்தில் தொடங்கும் எண் வரிசையோடு ஒரு புத்தகம் அச்சடித்து வைத்துக்கொள்ளலாம். அவர் இப்போது 'கை' என்று தொடங்கும் வரிசையில் இரண்டு புத்தகம் வைத்திருக்கிறார்.