ஷாட் கிளாக்: கை முந்தினால் கணக்குத் தப்பும்

கூடைப்பந்து ஆட்டத்தில் அலுவலர் மேசையில் இருப்பவர்களுள் ஷாட் கிளாக்கை (பந்தை வைத்திருக்கும் அணி கூடையை நோக்கி எறிய மீதமுள்ள விநாடிகளைக் காட்டும் கடிகாரம்) இயக்குபவருக்குத்தான் வேலை குறைவு என்று எண்ணி, சிறிய போட்டிகளில் புதிதாக வந்தவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிடுகிறார்கள். முதல் தவறு அங்கேயே தொடங்குகிறது. ஸ்கோர் தாளில் விழுந்த பிழையை அடுத்த இடைநிறுத்தத்தில் சரிபார்த்துத் திருத்திவிடலாம். ஷாட் கிளாக்கில் தவறாக அழித்த எண்ணையோ யாருடைய நினைவிலிருந்தாவதுதான் மீட்க வேண்டும். அதற்குள் பந்து நான்கு கை மாறியிருக்கும்.

இந்தக் கடிகாரம் வந்த காரணமே நேரத்தை வீணாக்கும் ஆட்டம்தான். 1950 நவம்பர் 22 அன்று அமெரிக்காவின் தொழில்முறைத் தொடரான என்பிஏ போட்டியில் ஃபோர்ட் வெய்ன் அணி பந்தை வைத்துக்கொண்டே காலம் கடத்தி, மினியாபொலிஸ் லேக்கர்ஸை 19-18 என்று வென்றது. சிரக்கியூஸ் அணியின் உரிமையாளர் டேனி பியாசோன் ஒரு கணக்குப் போட்டார்: நல்ல ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து சுமார் 120 முறை கூடையை நோக்கி எறிகின்றன, 48 நிமிடம் என்பது 2,880 விநாடி, வகுத்தால் 24. 1954-இல் என்பிஏ அதை ஏற்றது. 30 விநாடி விதியை வைத்திருந்த சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவும் 2000-இல் 24-க்கு வந்தது. கீழே வருபவை ஃபிபா விதிகளின்படி அமைந்தவை.

நான் கவனித்தவரை, பெரும்பாலான தவறுகளுக்கு மூலம் ஒன்றே. நிறுத்துவது வேறு, புதுப்பிப்பது (இருந்த எண்ணை அழித்து 24 அல்லது 14 ஆக்குவது) வேறு என்பதை விரல் மறந்துவிடுகிறது. ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். ஷாட் கிளாக்கில் 5 விநாடி இருக்கும்போது தாக்கும் அணியின் வீரர் எழும்பி எறிகிறார். எதிரணியின் உயரமான வீரர் அதைக் காற்றிலேயே தட்டிவிடுகிறார். பந்து தரையில் ஒருமுறை குதித்து, எறிந்தவரின் சக வீரரிடமே வந்து சேர்கிறது. அரங்கமே கத்துகிற அந்த நொடியில் மேசையில் இருப்பவரின் விரல் தன்னையறியாமல் பொத்தானை அழுத்த, பலகையில் 14 அல்லது 24 தோன்றுகிறது. பந்து வளையத்தைத் தொடவே இல்லை, எதிரணியின் வசமும் போகவில்லை. ஆகவே கடிகாரம் 4, 3 என்று ஓடிக்கொண்டே இருந்திருக்க வேண்டும். எதிரணியின் கை பட்டாலும், பந்து வளையத்தின் பின்பலகையில் மட்டும் பட்டுத் திரும்பினாலும் இதே கதைதான். எதிரணி பந்தை வெளியே தட்டிவிட்டால், மீதமிருந்த விநாடிகளுடனேயே த்ரோ-இன் (களத்துக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே எறிவது) நடக்கும். சந்தேகம் வந்தால் அழிக்காமல் இருப்பதே நல்லது. தாமதமாகப் புதுப்பித்ததைச் சரிசெய்வது எளிது, அழித்த எண்ணைத் தேடுவது எளிதன்று.

அடுத்த குழப்பம் 24-க்கும் 14-க்கும் இடையே எழுவது. பந்து எதிரணியின் வளையத்தைத் தொட்ட பிறகு, தாக்கிய அணியே அதை மீண்டும் பிடித்தால் 14. தடுத்த அணி பிடித்தால் 24. ஃபிபா இதை 2014-இலும் என்பிஏ 2018-19 பருவத்திலும் நடைமுறைப்படுத்தின. பழைய பழக்கத்தில் எல்லா ரீபவுண்டுக்கும் (கூடைக்குள் விழாமல் திரும்பிய பந்தைப் பிடிப்பதற்கும்) 24 அழுத்துபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வளையம் தொட்டவுடனேயே எண்ணை ஓடவிடுவதும் தவறு. நான்கைந்து கைகள் பந்துக்காகப் போராடும்போது அது யார் வசமும் இல்லை. ஒருவர் அதைத் தெளிவாகப் பிடித்த பிறகே கடிகாரம் ஓடத் தொடங்க வேண்டும். எதிரணியின் ஃபவுலால் முன்களத்தில் (அணி தாக்கும் கூடை உள்ள பாதியில்) த்ரோ-இன் கிடைக்கும்போது, 14-ஓ அதற்கு மேலோ மீதமிருந்தால் அதே எண் தொடரும். 13-ஓ அதற்குக் கீழோ என்றால் 14 ஆக்கப்படும். பின்களத்தில் (அணி காக்கும் பாதியில்) என்றால் 24. எனவே ஃபவுல் விசில் கேட்டதும் எண்ணைப் பார்த்து மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்; பந்து எங்கிருந்து உள்ளே வரப்போகிறது என்று தெரியும் முன்னரே பொத்தானில் கை வைக்கக்கூடாது.

த்ரோ-இன் எறிபவரின் கையை விட்டுப் பந்து கிளம்பியதும் கடிகாரத்தை ஓடவிடுவது இன்னொரு பழக்கம். களத்துக்குள் ஒரு வீரர் விதிப்படி பந்தைத் தொடும்போதுதான் அது தொடங்க வேண்டும். இதை நன்கறிந்த அணிகள், நேரத்தை மிச்சம் பிடிப்பதற்காகப் பந்தைத் தரையில் உருட்டிவிட்டு, தொடாமலேயே அதன் பக்கத்தில் நடந்து வருவதுண்டு. அப்போது மேசையில் பொறுமை இழப்பவர் அந்த அணியின் விநாடிகளைப் பறித்துவிடுகிறார்.

களத்தில் உள்ள நடுவர்களின் தவறுகளையும் சொல்லாமல் விட முடியாது. பந்து காற்றில் இருக்கும்போது ஷாட் கிளாக்கின் ஒலி எழுந்தால், உடனே விசிலை வாயில் வைக்கும் அவசரம் பலருக்கு உண்டு. கையை விட்டுப் பந்து முன்பே போயிருந்தால், கூடைக்குள் விழுந்தால் புள்ளி உண்டு. வளையத்தைத் தொட்டால் ஆட்டம் தொடரும். வளையத்தைத் தொடாமலே போனால்தான் விதிமீறல். அப்போதும் தடுத்த அணி உடனடியாகவும் தெளிவாகவும் பந்தைப் பிடித்துவிட்டால் விசில் தேவையில்லை. ஊதினால் அந்த அணியின் விரைவுத் தாக்குதலை நடுவரே கெடுத்ததாகிவிடும். தவறுதலாக ஒலி எழுந்தால் அதைப் புறக்கணித்து ஆட்டத்தைத் தொடர வேண்டும். பந்தை வைத்திருந்த அணிக்கு அதனால் பாதிப்பு என்று நடுவர் கருதினால் மட்டும் நிறுத்தி, நேரத்தைத் திருத்தி, பந்தை அந்த அணிக்கே தர வேண்டும். த்ரோ-இன்னுக்காகப் பந்தைக் கொடுக்கும் முன் தலையைத் தூக்கி ஷாட் கிளாக்கை ஒருமுறை பார்க்கும் நடுவரிடம் இத்தகைய சிக்கல்கள் பாதியாவது வராது.

கால்பகுதியின் முடிவில் வருவது கடைசிக் குழப்பம். ஆட்டக் கடிகாரத்தில் 14 விநாடிக்கும் குறைவாக இருக்கும்போது ஓர் அணிக்குப் பந்து புதிதாக வசமானால், ஷாட் கிளாக்கை அணைத்துவிட வேண்டும். 'புதிதாக' என்ற சொல்லைக் கவனிக்காமல், நேரம் 14-க்குக் கீழே போனதுமே அணைத்துவிடுகிறார்கள். ஆட்டக் கடிகாரத்தில் 10, ஷாட் கிளாக்கில் 6 இருக்கும்போது எதிரணி பந்தை வெளியே தட்டினால், பந்து பழைய அணியிடமேதான் இருக்கிறது. அந்த 6 பலகையில் ஒளிர்ந்துகொண்டே இருக்க வேண்டும்.