ஸ்டீயரிங்கில் சத்தமா? ரேக்கை மாற்றும் முன் நீங்களே பார்க்க வேண்டியவை

ஸ்டீயரிங்கைத் திருப்பினால் சத்தம் வருகிறது என்று பட்டறையில் சொன்னதும், "ரேக் போயிருக்கும்" என்ற பதில் சட்டென்று வந்துவிடுகிறது. ஸ்டீயரிங் சுழல்வதைப் பக்கவாட்டு அசைவாக மாற்றி முன்சக்கரங்களைத் திருப்பும் ரேக், ஸ்டீயரிங் அமைப்பில் விலை கூடிய பாகம். குறைந்துபோன ஆயிலோ, தளர்ந்த பெல்ட்டோ, ரேக்கின் தண்டைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டான டை ராட் எண்ட் தேய்ந்திருந்தாலோ கூட அதே புகாரைக் கொண்டுவரும். அதனால் ரேக்கைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள். கீழே உள்ள வரிசை அந்த எண்ணத்தில் அமைந்ததுதான்.

படி 1: உங்கள் காரில் எந்த வகை?

பானெட்டைத் திறந்து பாருங்கள். மூடியில் ஸ்டீயரிங் படமோ பவர் ஸ்டீயரிங் என்ற எழுத்தோ உள்ள சிறிய ஆயில் டப்பா இருந்தால், அது ஹைட்ராலிக் வகை. 2005இல் இந்தியாவுக்கு வந்த முதல் தலைமுறை இன்னோவா இதற்கு நல்ல உதாரணம். ஸ்விஃப்ட் போன்ற சிறிய கார்களில் மின்மோட்டார்தான் உதவுகிறது. அவற்றில் ஆயிலும் இல்லை, பம்பும் இல்லை. அவற்றை வைத்திருப்பவர்கள் 3, 4 ஆகிய படிகளைத் தாண்டிவிடலாம்.

படி 2: சத்தம் எப்போது வருகிறது?

ஸ்பேனரைத் தொடும் முன் காதுக்கு வேலை கொடுங்கள். பாட்டையும் ஏசியையும் நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கிவிட்டு, ஆளில்லாத மைதானத்துக்குப் போங்கள். வண்டியை நிறுத்தி, இன்ஜின் ஓடும்போது ஸ்டீயரிங்கை இரு பக்கமும் திருப்புங்கள். பிறகு முழுதாக ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள். கடைசியாக நேராக ஒரு வேகத்தடையில் ஏறி இறங்குங்கள்.

நிற்கும்போதே "ம்ம்ம்" என்று முனகி, இன்ஜின் வேகம் கூடினால் முனகலும் கூடினால் ஆயிலைப் பாருங்கள். ஒடிக்கும்போது கிறீச்சிட்டால் பம்பைச் சுழற்றும் பெல்ட். வட்டமடிக்கும்போது மட்டும் "டக் டக் டக்" என்று சீராக வந்தால், இன்ஜினின் சக்தியை முன்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டின் மூட்டான ஆக்சில் ஜாயின்ட். மேடு பள்ளத்தில் "டொக்" என்று தட்டினால் டை ராட் எண்ட், பால் ஜாயின்ட் (சக்கரத்தைத் தாங்கும் உருண்டை மூட்டு), புஷ் (பாகங்களுக்கு நடுவிலுள்ள ரப்பர் வளையம்) ஆகியவற்றில் ஒன்று.

ஹைட்ராலிக் வண்டியில் ஸ்டீயரிங் கடைசி வரை ஒடிந்து நிற்கும்போது சீறல் கேட்பது இயல்பு. அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு வேலை செய்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த நிலையில் சில விநாடிகளுக்கு மேல் பிடித்திருக்காதீர்கள், பம்ப் சூடாகும்.

படி 3: ஆயிலும் அதற்குள் இருக்கும் காற்றும்

இன்ஜினை நிறுத்தி, டப்பாவில் அளவு மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மூடியைத் திறந்து டார்ச் அடியுங்கள். நல்ல ஆயிலில் வெளிச்சம் உள்ளே இறங்கும். பல வண்டிகளில் அது சிவப்பாக இருக்கும். கறுத்துக் கருகல் வாடை அடித்தால் ஆயிலின் ஆயுள் முடிந்தது. நுரை மிதந்தாலோ, நிறம் வெளிறிப் பால் கலந்ததுபோல் இருந்தாலோ உள்ளே காற்று புகுந்திருக்கிறது. முனகுவது அந்தக் காற்றுதான்.

ஆயில் குறைந்திருந்தால், மூடியிலோ கையேட்டிலோ குறிப்பிட்டுள்ள ரகத்தையே ஊற்றுங்கள். பிரேக் ஆயிலை எந்தக் காரணத்துக்காகவும் ஊற்றாதீர்கள். ரப்பர் சீல்கள் கெட்டுப்போகும்.

காற்றை வெளியேற்றுவது எளிது. ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டுகளில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் தலையையோ கையையோ கொண்டுபோகக் கூடாது. இன்ஜின் ஓடாமலே, டப்பா மூடியைத் திறந்து வைத்து, ஸ்டீயரிங்கை இடக் கோடியிலிருந்து வலக் கோடி வரை மெதுவாகச் சுமார் 20 முறை திருப்புங்கள். குமிழிகள் மேலே வரும். அளவு இறங்க இறங்க ஆயில் சேருங்கள். பிறகு வண்டியை இறக்கி, இன்ஜினை ஓடவிட்டு இன்னும் சில முறை திருப்புங்கள். நுரை இருந்தால் இன்ஜினை நிறுத்தி, அடங்கும் வரை காத்திருந்து மறுபடி செய்யுங்கள். இதில் அவசரப்பட்டு வேகமாகத் திருப்பினால் காற்று இன்னும் நன்றாகக் கலந்துவிடும்.

சில நாட்களில் முனகல் திரும்பினால், டப்பாவிலிருந்து பம்புக்குப் போகும் ஹோஸைத் தடவிப் பாருங்கள். ரப்பர் இறுகி, கிளிப் தளர்ந்திருந்தால் அந்த வழியே காற்றை உறிஞ்சும். வெளியே ஒரு சொட்டு ஆயில்கூடச் சிந்தாது என்பதால் பலர் தவறவிடும் இடம் இது.

படி 4: பெல்ட்

இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டுப் பாருங்கள். உள்பக்கம் வெடிப்போ கண்ணாடி போன்ற பளபளப்போ இருந்தால் மாற்றுங்கள். தளர்ந்திருந்தால் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். அதிகமாக இறுக்கினால் பம்பின் பேரிங் பாதிக்கப்படும்.

படி 5: டை ராட் எண்ட்

படி 3இல் சொன்னதுபோல் கல் வைத்து, ஸ்டாண்டுகளில் நிறுத்தி, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து எழுப்புங்கள். கடிகாரத்தில் 9, 3 இருக்கும் இடங்களில் இரு கைகளாலும் டயரைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கைக்கு ஒரு சின்ன "டக்" தட்டுப்பட்டால், உதவிக்கு ஒருவரை ஆட்டச் சொல்லிவிட்டு, டை ராட் எண்ட் மீது உங்கள் விரல்களை வையுங்கள். தேய்ந்த ஜாயின்ட் விரலுக்கடியில் குதிப்பது தெளிவாகத் தெரியும். 12, 6 இடங்களில் ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால் வீல் பேரிங்கையோ பால் ஜாயின்டையோ பாருங்கள்.

இந்த ஆட்டம் தெரிந்த வண்டியை நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோகாதீர்கள். ஜாயின்ட் கழன்றால் சக்கரம் உங்கள் பேச்சைக் கேட்காது.

படி 6: ஆக்சிலும் ஷாக் மவுண்டும்

வட்டமடிக்கும்போது டக் டக் வந்ததா? சக்கரத்தின் உள்பக்கம் ஆக்சில் ஜாயின்டை மூடியிருக்கும் பூட் ரப்பர் கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கிறதா பாருங்கள். பின்சக்கர இழுவை கொண்ட முதல் தலைமுறை இன்னோவாவில் முன்சக்கரத்தைச் சுழற்றும் ஆக்சிலே இல்லை. அதில் இதைத் தேட வேண்டாம். ஸ்விஃப்ட் போன்றவற்றில், நின்றபடி திருப்பும்போது ஸ்பிரிங் விட்டுவிட்டுத் துள்ளும் சத்தம் வந்தால், பானெட்டுக்குள் ஷாக் அப்சார்பரின் மேல்முனையைப் பிடித்திருக்கும் ஷாக் மவுண்டின் மேல் கை வைத்துக்கொண்டு வேறொருவரைத் திருப்பச் சொல்லுங்கள். துள்ளல் கையில் தெரிந்தால் மவுண்ட் பேரிங் தேய்ந்திருக்கிறது.

ஹாரன் பட்டைக்குப் பின்னாலிருந்து உரசல் வந்தால் நீங்கள் கழற்ற வேண்டாம். அங்கே ஏர்பேக் இருக்கிறது. பயிற்சி பெற்றவரிடம் விடுங்கள்.

படி 7: இப்போது ரேக்

ரேக்கின் இரு முனைகளிலும் உள்ள மடிப்பு ரப்பரை அழுத்துங்கள். ஹைட்ராலிக் வண்டியில் உள்ளே ஆயில் தளும்பினால் ரேக் சீல் போய்விட்டது. இது உறுதியான சாட்சி. டை ராட் எண்ட் சரியாக இருந்தும் 9, 3 ஆட்டத்தில் தட்டல் அந்த ரப்பருக்குள்ளிருந்து வந்தால், உள் ஜாயின்டோ ரேக் புஷ்ஷோ தேய்ந்திருக்கலாம். அப்போதும் முழு ரேக்கை வாங்கும் முன், சீலையோ புஷ்ஷையோ மட்டும் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். ரேக், டை ராட் எண்ட் என எதை மாற்றினாலும் அன்றே வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் புது டயரும் ஒரு பக்கமாகத் தேயும்.