உதவி கேட்கத் தெரிந்த பிள்ளை

தன் சப்பாத்தைத் தானே மாட்டிக்கொள்ளும் நான்கு வயதுப் பிள்ளை, முன்பள்ளியில் தண்ணீர்ப் போத்தலின் மூடி இறுகிவிட்டால், ஆசிரியையிடம் சொல்லத் தெரியாமல் வீடு திரும்பும்வரை தாகத்தோடு இருந்துவிடுவதுண்டு. பெற்றோர் அருகில் இல்லாத இடத்தில் தனக்கு வேண்டியதைக் கேட்டுப் பெறுவதும் சுயாதீனத்தில் பாதி என்பதால், கைவேலைகளோடு சேர்த்து இதையும் பழக்க வேண்டும்.

முதலில் நாம் வாயை மூடப் பழக வேண்டும். கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடியின் லிப்டில் பக்கத்து வீட்டு அன்ரி, “உங்கட பேர் என்ன?” என்று கேட்டால், பிள்ளை வாய் திறக்குமுன் அம்மம்மாவே பெயர், வயது, முன்பள்ளி எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடுவார். மனத்துக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். அப்போதும் பேசாவிட்டால், “இவன் சரியான கூச்சம்” என்று மட்டும் அவன் காதுபடச் சொல்லாதீர்கள்.

அடுத்தது பேக்கரி. வீட்டில் நீங்கள் கடைக்காரராகி ஓரிரு நாள் ஒத்திகை பார்த்தபின், காசைப் பிள்ளையின் கையில் கொடுத்து, ஓர் அடி பின்னால் நில்லுங்கள். கொழும்பில் “ஒரு பணிஸ் தாங்கோ” என்பதோடு சிங்களத்தில் “பனிஸ் எகக் தென்ன” என்பதும் தெரிந்திருந்தால் எந்தக் கடையிலும் தயங்க வேண்டியதில்லை.

விளையாட்டில் அவசரம் கூடாது. அமெரிக்கச் சமூகவியலாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932இல் வெளியிட்ட ஆய்வு காட்டியபடி, சிறு குழந்தைகள் முதலில் அருகருகே தத்தம் பாட்டில் விளையாடி, பின்னரே கூடி விளையாடுகிறார்கள். எனவே இரண்டு வயதில் “பகிர்ந்து விளையாடு” என்று அதட்டுவதில் அதிகம் பயனில்லை. நான்கு வயதில், காலிமுகத்திடலில் பந்தடிக்கும் பிள்ளைகளை ஏக்கத்தோடு பார்த்து நிற்பவனிடம், சற்று நேரம் ஆட்டத்தைக் கவனித்துவிட்டு, “ஓடுற பந்தை நான் எடுத்துத் தரட்டா?” என்று கேட்கச் சொல்லுங்கள். “என்னையும் சேர்ப்பீங்களா?” என்பதற்கு “இல்லை” என்ற பதில் எளிதில் வரும்; பந்து எடுத்துத் தருபவனை யாரும் விரட்டுவதில்லை. சண்டை வந்தால், அடிதடி இல்லாதவரை, நீதிபதியாகாமல் இருவரையும் தமக்கு என்ன வேண்டும் என்று சொல்ல வையுங்கள்.

மறுக்கவும் பழக்குங்கள். கன்னத்தைக் கிள்ளும் மாமாவிடம் பிள்ளை “வேண்டாம்” என்றால், மாமாவின் முகம் சுருங்கினாலும் பிள்ளையின் பக்கம் நில்லுங்கள்.

இலங்கையில், ஜனவரி 31இல் ஐந்து வயது பூர்த்தியான பிள்ளை முதலாம் வகுப்புக்குப் போகும். அதற்கு முன், “ரீச்சர், ரொய்லெட் போகவேணும்” என்ற ஒரு வசனத்தையாவது, உங்களிடம் அன்றி வேறொரு பெரியவரிடம் உரத்துச் சொல்லப் பழக்கிவிடுங்கள்.