வயல் வரம்பில் எடுபடாத சொற்கள்: ஆய்வாளர்களும் அலுவலர்களும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூநகரியில் வயல் செய்யும் ஒருவரின் கையில் மண் பரிசோதனை அறிக்கை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ‘மின்கடத்துதிறன்: மீற்றருக்கு 4.5 டெசிசீமன்ஸ்’ என்று அதில் அச்சாகியிருக்கிறது. மண்ணிலுள்ள உப்பின் அளவைக் காட்டும் இந்த எண் 3ஐத் தாண்டினால் நெல் விளைச்சல் குறையத் தொடங்கும் என்பது அறிக்கை எழுதியவருக்குத் தெரியும். நிலத்தில் உவர் ஏறியிருப்பது வயல்காரருக்கும் தெரியும். கோடையில் வெள்ளை பூத்துக் கிடக்கும் மண்ணைப் பார்த்தவர் அவர். இருவருக்கும் தெரிந்த விஷயம் தாளில் ஏறியதும் ஒருவருக்கு மட்டும் உரியதாகிவிடுகிறது.

இதற்காகக் கலைச்சொல்லையே பகைப்பதும் தவறு. கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்தில் இரண்டு ஆய்வாளர்கள் பேசிக்கொள்ளும்போது ‘உவர்’ என்றால் போதாது, அளவு வேண்டும். ஆனால் அறிக்கையின் அடியில் ‘உவர் கூடிய மண், ஏ.ரி. 354 போன்ற உவரைத் தாங்கும் நெல்லினத்தை விதையுங்கள்’ என்று ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும்? அந்த ஒரு வரியைத்தான் பலர் எழுதாமல் விடுகிறார்கள்.

எளிமைப்படுத்துகிறோம் என்று உண்மையை வெட்டிவிடுவது இதைவிட ஆபத்தானது. வவுனியாவின் விவசாயக் கிராமங்களையும் வாட்டும் நோய்க்கு ‘காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய்’ என்று பெயர். நீளமான பெயர்தான். சுருக்க நினைத்து ‘கிணற்றுத் தண்ணீரால் வரும் நோய்’ என்று சொல்லிவிட்டால், இன்னும் நிறுவப்படாத ஒன்றை முடிந்த முடிவாக்கிவிடுகிறோம். நீரிலுள்ள புளோரைட்டு, விவசாய இரசாயனங்கள், கடும் வெயிலில் உடல் நீர் வற்றுவது எனப் பல சந்தேகங்கள் உள்ளன. ஆகவே ‘காரணம் இன்னும் உறுதியாகவில்லை’ என்பதை விடவே கூடாது. ‘நாட்பட்ட’ என்பதை மட்டும் ‘மூன்று மாதங்களுக்கு மேலாகச் சிறுநீரகம் பழுதுபட்டிருக்கிறது’ என்று விரித்துச் சொல்லுங்கள்.

அடுத்தது, படிவத்தின் மொழியை மனிதர்கள் மீது ஏற்றுவது. 2009இல் போர் முடிந்தபின் மீள்குடியேற்றத்தோடு திட்டங்கள் வந்தன. வாழ்வாதாரம், பயனாளி, வலுவூட்டல் என்ற சொற்களும் கூடவே வந்தன. நிதி கேட்கும் முன்மொழிவிலிருந்து படிவத்துக்கும், படிவத்திலிருந்து கூட்டத்துக்கும், அங்கிருந்து வீட்டு முற்றத்துக்கும் அவை இறங்கின. அந்தச் சொல்லைச் சொன்னால்தான் பட்டியலில் பெயர் வரும் என்றால் யார்தான் கற்றுக்கொள்ள மாட்டார்கள்? கணவர் காணாமற்போன ஒரு பெண் தன்னை ‘நான் பெண் தலைமைத்துவக் குடும்பம்’ என்று அறிமுகப்படுத்தும் நிலை வருகிறது. கணக்கெடுக்க அந்தப் பிரிவு தேவைதான். எதிரில் இருப்பவரிடம் பேசும்போது அது எதற்கு? ‘உங்கள் வீட்டில் உழைப்பவர் யார் அம்மா?’ என்று கேட்டால் அலுவலருக்குத் தேவையான விவரமும் கிடைக்கும், அவருடைய கதையும் கிடைக்கும்.

‘வலுவூட்டப்பட்டது’, ‘மேம்படுத்தப்பட்டது’ என்று வினையை முடிப்பதையும் விடுங்கள். யார், யாருக்கு, எத்தனை கோழிக்குஞ்சு கொடுத்தார்கள் என்று எழுதுங்கள்.

கடைசியாக, ‘விளங்கியதா?’ என்று கேட்பது. சிறுபோகக் கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டுவார்கள். படித்த பிள்ளையின் மனம் நோகக் கூடாது என்பதற்காகவே ஆட்டுவார்கள். அதற்குப் பதிலாக, ‘இன்றைக்கு வராத பக்கத்து வயல்காரருக்கு இதை எப்படிச் சொல்வீர்கள் ஐயா?’ என்று கேளுங்கள். அவர் சொல்லும் வசனத்தை அப்படியே குறித்துக்கொண்டு, அடுத்த கூட்டத்துக்கான துண்டுப்பிரசுரத்தை அதிலிருந்து எழுதத் தொடங்குங்கள்.