வாட்டர் கலர் பட்டறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாட்டர் கலர் பட்டறைகளில் புதியவர்களுக்கு உதவியாக நிற்கும்போதெல்லாம் அதே தவறுகள்தான் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. பெரும்பாலும் நானும் ஒரு காலத்தில் செய்தவைதான். அழுக்குத் தண்ணீரை மாற்றாமல் இருப்பது, பென்சிலை அழுத்தி வரைவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். முதல் நாளே தானாகப் புரிந்துவிடும்.

பெயிண்டுக்குச் செலவு, பேப்பரில் சிக்கனம்

48 நிறங்கள் கொண்ட பெட்டியை வாங்கிவிட்டுச் சாதாரண டிராயிங் நோட்டைத் திறந்து உட்காருகிறார்கள். தண்ணீர் பட்டதும் தாள் நெளிகிறது, பள்ளத்தில் நிறம் தேங்குகிறது, நாலு முறை பிரஷ் ஓடினால் மேல்பரப்பு திரிதிரியாக உரிகிறது. உடனே "எனக்கு இது வராது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கையில் ஒரு குறையும் இல்லை, தாள்தான் காலை வாருகிறது. 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) உள்ள கோல்டு பிரஸ் (cold press, சற்றுச் சொரசொரப்பான) தாள் வாங்குங்கள், முடிந்தால் 100% பருத்தி. பருத்தித் தாளில் ஈரம் அதிக நேரம் நிற்கும், கற்றுக்கொள்பவருக்கு அந்த அவகாசம் மிக முக்கியம். பெரிய தாளை நான்காகக் கிழித்து இரண்டு பக்கமும் வரையலாம். நிறங்கள் ஆறு இருந்தால் போதும்.

ஆசிரியரின் கையைப் பார்த்துக்கொண்டே வரைவது

இன்றைக்கும் என்னை எரிச்சல்படுத்தும் தவறு இது. ஒரு வகுப்பில் வயதில் பெரியவர் ஒருவர் அழகான வானம் ஒன்றைப் போட்டிருந்தார். மேலே அடர்நீலம், கீழே வரவர வெளுத்து, ஒரு திட்டுகூட இல்லை. அந்த நேரம் பார்த்து ஆசிரியர் முன்னால், "சரி, இப்போது மேகத்தின் அடிப்பகுதி" என்று சாம்பல் நிறத்தைத் தொட்டு வைத்தார். அவருடைய தாளில் அது புகைபோலப் பரவியது. பெரியவரும் பிரஷைத் தண்ணீரில் முக்கி, சாம்பலைத் தொட்டு, அதே இடத்தில் வைத்தார். சற்று நேரத்தில் அங்கே காலிஃபிளவர் மாதிரி ஓரம் சுருண்ட ஒரு வெளுத்த திட்டு. அதைச் சரிசெய்யப் போய் இன்னும் தண்ணீர், இன்னும் ஒரு திட்டு. முழு வானமும் போயிற்று. "அவர் செய்ததைத்தானே தம்பி நானும் செய்தேன்?" என்று கேட்டார். உண்மைதான். ஆனால் ஆசிரியரின் தாள் பளபளவென்று ஈரமாக இருந்தது, இவருடையது பாதி காய்ந்திருந்தது.

தாள் பாதி காய்ந்த நிலையில் அதைவிட ஈரமான பிரஷ் பட்டால், புதிய தண்ணீர் ஈரம் குறைந்த பக்கமாக ஓடும். ஓடும்போது படியத் தொடங்கிய நிறமியையும் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் கோடாகக் குவிக்கும். அதனால்தான் நடுவில் வெளுப்பும் ஓரத்தில் அடர்த்தியும்.

தாளைக் கண்மட்டத்துக்குத் தூக்கி, வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். கண்ணாடிபோல மின்னினால் தாராளமாக நிறம் விடலாம். மினுமினுப்பு மங்கத் தொடங்கினால் பிரஷில் தாளைவிடக் குறைவான ஈரமே இருக்க வேண்டும். துணியில் ஒற்றிவிட்டுக் கெட்டியான பெயிண்டை மட்டும் வையுங்கள். மினுமினுப்பு போய்விட்டதா, பிரஷைக் கீழே வைத்துவிடுங்கள். புறங்கையால் தொட்டால் குளிர்ச்சி தெரியும்வரை தாள் காயவில்லை. ஹேர் டிரையர் பிடித்திருந்தால் சூடு ஆறிய பிறகே தொட்டுப் பாருங்கள், இளஞ்சூட்டில் ஈரம் தெரியாது. திட்டு வந்துவிட்டால் அப்படியே காயவிடுங்கள். காய்ந்தபின் ஈரப் பிரஷால் ஓரத்தை மெல்லத் தேய்த்து மென்மையாக்க முடியும்.

அடுத்தடுத்து உட்காரும் இருவரின் தாள்கூட ஒரே வேகத்தில் காயாது. ஒருவர் ஃபேனுக்கு நேர் கீழே இருப்பார், ஒருவர் வாஷில் (தண்ணீராகக் கரைத்து அகலமாகப் பூசும் நிறத்தில்) தண்ணீரைக் குறைத்திருப்பார். ஆகவே டெமோ நடக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு முழுக்கப் பாருங்கள், அப்புறம் உங்கள் தாளை நனையுங்கள். "கூடவே போடுங்கள்" என்று ஆசிரியர் அவசரப்படுத்தினால், காயட்டும் என்று தயங்காமல் சொல்லுங்கள். பட்டறை நடத்துபவர்களிடமும் இதைக் கேட்டுக்கொள்கிறேன்: டெமோவையும் பயிற்சியையும் தயவுசெய்து பிரித்து வையுங்கள். நல்ல கை உள்ளவர்கள் இந்த ஒரு காரணத்தால் மனம் தளர்ந்து, அடுத்த வகுப்புக்கே வராமல் போகிறார்கள்.

ஈரத்தில் தெரியும் அடர்த்தியை நம்புவது

காய்ந்தால் வெளுக்கும். ஒரு படி தூக்கலாகவே போடுங்கள்.

டியூபில் பெயரை மட்டும் படிப்பது

பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் நிறமியின் குறியீடு இருக்கும். அல்ட்ராமரின் நீலம் என்றால் பி.பி. 29. ஒரே ஒரு குறியீடு மட்டும் உள்ள டியூபுகள் கலக்கும்போது தெளிவாக நிற்கும். மூன்று நிறமி கொண்ட டியூபோடு இன்னொன்றைச் சேர்த்தால் சேறுதான். பி.ஆர். 83 என்றிருக்கும் அலிசரின் கிரிம்சன் வெளிச்சத்தில் மங்கிவிடும், சுவரில் மாட்டப்போகும் படத்துக்கு அது வேண்டாம்.

பிரஷைத் தண்ணீரிலேயே நிற்கவிடுவது

கூடாது. முனை வளைந்துவிடும்.

நல்ல பிரஷால் மாஸ்கிங் திரவம் பூசுவது

வெள்ளையாக விட வேண்டிய இடத்தில் நிறம் படாமல் மூடி வைக்கும் திரவம் இது. அதற்கென்று ஒரு பழைய பிரஷை ஒதுக்கி, சோப்பில் தோய்த்த பிறகே திரவத்தில் தோயுங்கள். தாள் முழுக்கக் காய்ந்தபின் அந்தப் பூச்சை உரித்துவிட வேண்டும். நாள்கணக்கில் விட்டால் தாளையும் சேர்த்துக் கிழித்துக்கொண்டு வரும்.